எலி எடுத்த படையல்

ஆத்தோரக் குடிசைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு அந்தச் சனத்தையெல்லாம் நாலு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய்க் குடிவைத்தார்களே, அந்தக் குடியிருப்பில் தண்ணீருக்குக்கூட அவ்வளவு கஷ்டமில்லை, செத்தவர்களுக்குச் சோறு வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மொட்டைமாடியில் செல்போன் டவரை நட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சன்னலுக்கெல்லாம் புறா வலை. அடுப்படிச் சன்னலில் மட்டும் குப்பை போடுவதற்காக ஒரு கை நுழைகிற அளவுக்கு வலையை அறுத்து வைத்திருந்தார்கள். இரண்டு கட்டடங்களும் முதுகு காட்டி நிற்கிற இடுக்குக்குள் அந்த அறுத்த வலை வழியாகப் பழைய சோறும் மீன் செதிலும் வாழைப்பழத் தோலும் முடிச்சுப் போட்ட கேரிப் பையும் விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தன, விழுந்தது இடுப்பு உயரத்துக்கு ஏறிப் புளித்துப் பொங்கிக் கிடந்தது, அதன்மேல் எலிகள் மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மருமகன்கள் மாதிரி நிதானமாக நடமாடின. குனிந்து பார்க்காத வரைக்கும் யாருக்கும் அது உறுத்தவில்லை.

மூன்றாம் மாடிப் பஞ்சவர்ணம் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். புருசன்காரன் எப்போதோ போய்விட்டான். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே மகள் யோகலட்சுமி. யோகு மதுரை டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை பார்த்தாள், காலையில் போய் நின்றால் கடை சாத்துகிற வரைக்கும் நின்றபடிதான், உட்கார்ந்தால் மேனேஜர் வைவான், வீட்டுக்கு வந்ததும் ஆத்தா மடியில் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்சு. அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மோராகக் கொடுத்தார்கள், கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அடப்பாவமே, கட்டிலில் கிடந்தபடியே போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பஞ்சவர்ணம் மகளுக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கினாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மிளகு தூக்கலாக ரசம், அப்பளம், சேமியாப் பாயசம். இலை போட எங்கே போவது? அடுப்படிச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டுப் பலகையில் வலைக்குள் கையை விட்டு இலையை வைத்தாள். சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிக் "கா... கா..." என்று தொண்டை வற்றக் கூப்பிட்டார்கள். காக்கா எடுக்காமல் வந்தவர்கள் கை நனைக்க முடியாதே, பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தன, வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது, காக்கா அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. அப்போது கழிவுநீர்க் குழாய் வழியாக ஒரு எலி ஏறி வந்தது. இலையைச் சுற்றி வந்தது. ரசம் சோற்றில் வாய் வைத்து, குனிந்த தலை நிமிராமல் தின்றது.

யாரோ விரட்டக் கையை ஓங்கினார்கள். பஞ்சவர்ணத்தின் கொழுந்தன் சோணைமுத்துதான் தடுத்தான்.

"விடுங்கப்பா. ஏதோ ஒரு சீவன் தொட்டுருச்சுல்ல? காக்கா தொட்டா என்ன, எலி தொட்டா என்ன, பிள்ளை வயிறு நெறஞ்சாச் சரி. மதினி, பந்தியப் போடச் சொல்லுங்க, வந்தவுக எல்லாம் காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்காமக் கெடக்காக."

பஞ்சவர்ணத்துக்கு அப்போது எதற்கும் ஆமாம் இல்லை சொல்லத் தெம்பில்லை. பந்தி போட்டார்கள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் மாவு அள்ளிக்கொண்டிருந்தபோது சன்னலுக்கு வெளியிலிருந்து, "யம்மா, காலு வலிக்குது" என்று கேட்டது.

"வாடி, அமுக்கி விடுறேன்" என்றாள் பஞ்சவர்ணம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகுதான் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். அதே எலி பலகைமேல் உட்கார்ந்து முன்னங்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. "என் துப்பட்டாவ எங்கம்மா வச்ச?" என்று கேட்டது. யோகு குரல்தான், கொஞ்சம் மூக்கால் பேசுகிற அதே குரல். நீ எங்கேடி இருக்கிறாய், அங்கே உனக்கு யாராவது சோறு போடுகிறார்களா, என்மேல் கோபமா என்று பஞ்சவர்ணம் என்னென்னவோ கேட்டாள். எலி எதற்கும் பதில் சொல்லவில்லை. யோகு இருக்கும்போது தினமும் என்ன சொல்வாளோ அதை மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றது. அவள் ஓடிப்போய் ரசம் கொண்டுவந்து ஊற்றினாள், அது குடித்து முடிக்கிற வரைக்கும் அழுதுகொண்டே பக்கத்தில் நின்றாள்.

அடுத்த வீட்டு மேகலா கைக்குழந்தைக்காரி. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் காதிலும் இது விழுந்தது. "யோகு வந்துருக்கா போல" என்று அவள் தன் புருசனிடம் சொன்னாள், அவன் படியிறங்கும்போது கீழ்வீட்டில் சொன்னான், மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. காக்காய்க்கு வழி இல்லாத இடத்தில் செத்தவர்கள் வேறு எப்படித்தான் வருவார்கள் என்று கேட்டுவிட்டு, அவரவர் வீட்டு அடுப்படிக்குப் போய் இலையை எடுத்தார்கள், இல்லாதவர்கள் சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்தார்கள்.

அம்மாடி, அந்த ஐப்பசி கார்த்திகையில் அந்த இடுக்கு இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் தங்கமாரியப்பன் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே அதிகாரம் பண்ணுகிறவர், அவருடைய அய்யா எலி வழியாக வந்து, "வெட்டிப்பய, உருப்படுவியாடா நீயெல்லாம்?" என்று மூன்று வேளையும் வைதுகொண்டிருந்தார், தங்கமாரியப்பன் பலகைக்குக் கறிச்சோறு வைத்துவிட்டுக் கைகட்டி நின்று அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டார், அத்தனை நாள் கழித்து அவரை வைவதற்கு ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்கு வாயெல்லாம் பல். கீழ்வீட்டில் ஒருத்தி மாமியாருக்குப் படையல் போட்டுவிட்டு, "செத்தும் என் கொழம்புல உப்புப் பத்தலேங்குது பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள், மறுநாள் ஒரு கல் உப்பு கூடப் போட்டாள். வழி தவறிப் பக்கத்து வீட்டுக்குப் போன எலிகள் அங்கே போய் வேறொரு புருசனுக்காக ஏங்கின, அதில் இரண்டு சண்டையும் வந்து தீர்ந்தது. பொழுது சாய்ந்தால் இடுக்குப் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரும் அவரவர் ஆளைக் கேட்டார்கள். பலகையில் வைத்தது போக மிச்சத்தைக் கீழே கொட்டினார்கள், முன்பு குப்பையாகக் கொட்டினதை இப்போது பாசமாகக் கொட்டினார்கள். எலிகள் குட்டி போட்டன. குட்டிகளும் தாயின் குரலிலேயே பேசின. பஞ்சவர்ணத்துக்கு அடுப்படியிலும் மாடிப்படியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் "யம்மா, யம்மா" என்று ஒரே யோகுவாகக் கேட்டது. செத்த பிள்ளை பெருகிக்கொண்டே போனால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்?

ஆனால் எலி எலிதானே. ரேஷன் அரிசி மூட்டையை ஓட்டை போட்டது. ஆட்டோ சீட்டைக் குதறியது, பள்ளிக்கூடத்துப் பையைக் கடித்தது, வயரைக் கடித்து ஒரு கட்டடம் முழுவதையும் இருட்டில் போட்டது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு கொத்தனார், பொறுக்க முடியாமல் கடையில் விற்கிற பசை அட்டையை வாங்கி வைத்தான்; விடிந்து பார்த்தால் அட்டையில் ஒட்டிக்கொண்ட எலி, "சாப்பிட்டுட்டுப் போங்களேன், எதுக்கு இப்படிப் பறக்குறீக?" என்று அவன் பெண்டாட்டி குரலில் கெஞ்சியது. அவன் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு காலாகப் பிரித்துவிட்டான்.

கார்ப்பரேஷனிலிருந்து சுகாதார மேற்பார்வையாளர் எபனேசர் வந்தார். இடுக்கை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மருந்து வைக்கலாம் என்று அவர் வாயைத் திறந்ததும் தங்கமாரியப்பன் எகிறிவிட்டார்.

"எங்கய்யாவுக்கு எலி மருந்து வைக்கச் சொல்றீகளா? ஒங்கப்பாவுக்கு வைப்பீகளா சார்?"

எபனேசர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டார். உள்ளேயிருந்து வந்த பேச்சும் சிரிப்பும் வசவும் அவருக்கும் கேட்டது. மெல்லத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மருந்தே வேணாம்ங்க" என்றார். "மருந்து வச்சாலும் நாலு செத்தா நாப்பது வரும். நீங்க கொட்டுறத நிறுத்துங்க, அது போதும். மக்குற குப்பை பச்சை டப்பாவுல, மக்காதது நீல டப்பாவுல, ரெண்டுக்கும் மூடி. காலையில பேட்டரி வண்டி வரும், கையில கொடுங்க. சோறு கிடைக்கலேன்னா எலி தங்காது, குட்டியும் போடாது. தானாப் போயிரும்."

"பட்டினி போடச் சொல்றீக" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆமாம்மா" என்றார்.

டப்பாக்கள் வந்தன. பச்சையில் அரிசி கொட்டி வைத்தார்கள், நீலத்தில் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு மூடிகூட அது மூட வேண்டியதை மூடவில்லை.

தை பிறந்து, ஒரு நாள் காலையில் தண்ணீர் லாரி வந்ததென்று மேகலா குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது, ராகிக்கூழ் வழிந்து காலெல்லாம் பிசுபிசுப்பு. அவள் இரண்டாவது குடத்தோடு படியேறும்போது பிள்ளை வீறிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கால் பெருவிரலைக் காணோம், ரத்தம்தான் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் துணியைச் சுற்றி ஊசி போட்டார்கள், அடுத்த வாரத்தில் காய்ச்சல் வந்தது, எலிக்காய்ச்சல் என்று சொல்லிக் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். பிள்ளையின் கண்கள் மஞ்சளாகிக் கிடந்தன. யோகு கண்கள் மஞ்சளானதைப் பார்த்தவள் பஞ்சவர்ணம்; கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுனுதான் இருந்தேன். யார்கிட்டயும் சொல்லலை, இவருகிட்டகூடச் சொல்லலை."

"என்னடி?"

"அது பிள்ளை கால விட்டு ஓடுறப்ப, 'இன்னும் கொஞ்சம் போடும்மா'னு சொல்லிக்கிட்டே ஓடுச்சு. யோகு கொரல்ல."

பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தாள். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத பிள்ளை அவள் மகள், கடையில் வாங்குகிற சம்பளத்தில் மேகலாவுக்கு வளைகாப்புக்கு வளையல் வாங்கிக் கொடுத்த பிள்ளை, அந்தப் பிள்ளையின் குரலை ரத்தம் குடிக்கிற வாய்க்கு ஊட்டி வளர்த்தது யார், நான்தானே, ரசம் ஊற்றி ஊற்றி வளர்த்தது நான்தானே என்று வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பச்சை டப்பாவிலிருந்த அரிசியைப் பானைக்கு மாற்றினாள். அன்றைக்கு ஆக்கிய சோற்றில் மிச்சத்தையும் காய்த்தோலையும் டப்பாவில் போட்டு மூடி, மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். வலையின் ஓட்டையைக் கம்பியால் தைத்தாள். பிறகு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள்.

"எம் மகளுக்கு மொதல்ல நான் வச்சேன், மொதல்ல நானே நிறுத்திட்டேன்" என்றாள். "நீங்களும் நிறுத்துங்க."

முதலில் வைத்தவளே வந்து கேட்கும்போது என்ன சொல்ல முடியும்? இடுக்கைச் சுரண்டி டிராக்டரில் அள்ளினார்கள். பொந்துகளில் கண்ணாடித் தூளும் சிமெண்டும் குழைத்து அடைத்தார்கள். காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு டப்பாவோடு வரிசையில் நின்றார்கள், மீன் செதிலைப் போட்டுவிட்டுத் தரையைக்கூடக் கழுவிவிட்டார்கள், இழவு வீட்டில் காரியம் பார்க்கிறவர்களைப் போல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அதைச் செய்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எந்த எதிரிக்கும் வரக்கூடாது. துப்பட்டா கேட்ட குரலும், உப்பு கேட்ட குரலும், சாப்பிட்டுட்டுப் போங்க என்ற குரலும் ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, கடைசியில் அத்தனை குரலுக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது. பசிக்குது. விளக்கு வைத்ததும் நாலு மாடிக்கும் சுவருக்கு வெளியே பசிக்குது, பசிக்குது. ஆம்பளைகள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். பொம்பளைகள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தங்கமாரியப்பனின் அய்யா வைவதை விட்டுவிட்டு, "ஏப்பா, ஒரு வாய் போடுப்பா" என்றார். உயிரோடு இருந்த நாளில் மகனை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடாத மனுசன். தங்கமாரியப்பன் வாசலில் வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கிறதே என்று இல்லாமல் வாய்விட்டு அழுதார்.

ஒரு நாள் பஞ்சவர்ணமும் தோற்றுவிட்டாள். சன்னலுக்கு வெளியே "யம்மா, பசிக்குது" என்று கேட்டுக் கேட்டு, குரல் தேய்ந்து இழையாகி வருவதைப் பொறுக்க முடியாமல் ரசம் சோற்றைப் பிசைந்து உருட்டி எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பித் தையலைப் பிரிக்கப் போனாள். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை, மேகலா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், கேட்பார் கிடையாது. அந்தப் பூட்டின வீட்டின் நிசப்தம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. "எங்கிட்ட இல்லடி" என்றாள் சன்னலைப் பார்த்து. "ஆத்தாகிட்ட ஒண்ணும் இல்லடி தங்கம்." கையிலிருந்த உருண்டையைத் தன் வாயிலேயே போட்டு மென்று விழுங்கினாள். தொண்டையில் நின்றது, தண்ணீர் குடித்து இறக்கினாள்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் யாரும் பசிக்குது என்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மேகலாவின் பிள்ளை பிழைத்துக்கொண்டு, ஒரு விரல் குறைந்த காலோடு வீட்டுக்கு வந்து தவழ்ந்தது. அதைத் தரையில் விடுவதற்கு இப்போது யாரும் பயப்படவில்லை. வீடுகள் நாறவில்லை, கொசுகூடக் குறைந்தது. எபனேசர் மேலதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டினார், படமெடுத்தார்கள். படத்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பஞ்சவர்ணத்துக்கு அன்றைக்குத்தான் மகள் செத்தாள்.

எலிகள் செத்துப்போகவில்லை, ரோட்டைத் தாண்டியிருந்தன என்பது பங்குனியில்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் ரயில்வே லைன் ஓரத்தில் ஓட்டு வீடுகள் வரிசையாக உண்டு, கொல்லைப் பக்கமெல்லாம் திறந்த குப்பை. அங்கேயும் மூடி போடச் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று எபனேசர் வந்து கெஞ்சினார். மேகலா பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள், பஞ்சவர்ணமும் கூடப் போனாள்.

நடுவில் ஒரு வீடு. பாக்கியத்தாய் என்று ஒருத்தி, வீட்டுக்காரன் லாரிக்குப் போய்விட்டான், தனியாக இருந்தாள். கொல்லையில் கையில் தட்டோடு குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் குப்பைமேட்டில் ஒரு எலி, கொழுகொழுவென்று, ரோமமெல்லாம் மினுமினுக்க, குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தது.

"யம்மா, காலு வலிக்குது" என்றது.

பஞ்சவர்ணம் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீகளாக்கா?" என்றாள் பாக்கியத்தாய், முகமெல்லாம் பூரிப்பு. "யாரு பெத்த பிள்ளையோ. எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கலை. இது வந்து யம்மா யம்மாங்குது. இதைப் போய் எப்படிக்கா வெரட்டுறது?"

மேகலா பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். "பெரியம்மா, வாங்க, இந்த வீட்ட விட்டுட்டுப் போவோம்" என்று மெல்லச் சொன்னாள். விட்டுவிடலாம்தான். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது, உடம்பு தேறியிருக்கிறது, யாரோ ஒரு புண்ணியவதி வயிறு வாடாமல் பார்த்துக்கொள்கிறாள், ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாருடைய பிள்ளையோ தொட்டிலில் கிடந்து சிணுங்கியது. பஞ்சவர்ணம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள், எலியையும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அது தன் மகள் என்று அவள் சொல்லவில்லை.

"தட்டை எடுத்துரு தாயி" என்றாள். "மிச்சத்த டப்பாவுல போட்டு மூடிரு."

"பசிக்குதுனு கேக்குமேக்கா?"

"கேக்கும். கேக்கத்தான் செய்யும். ரொம்ப நாளைக்குக் கேக்கும்."

"என்னால முடியாதுக்கா."

"ஒன்னால தனியா முடியாது" என்றாள் பஞ்சவர்ணம். "நான் வந்து ஒங்கூட உக்காந்துக்கிறேன்."

தட்டை அவளே வாங்கிக் காலி செய்தாள், மூடியை அழுத்தினாள். மேகலாவைப் பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கொல்லைக் கதவைத் தாழ் போட்டாள். பொழுது சாய்ந்து ஒரு ரயில் போனது. இரண்டு பேரும் சுவரோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பாக்கியத்தாய் கையை நீட்டினாள், பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே, "யம்மா" என்று கேட்டது.

இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.